அவசர வரவேற்பு நிலையத்தின் முதல் நோயாளி

பேசாலைக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், தகப்பன் விட்டுப்போன காணியின் எல்லைக்கல்லைப் பக்கத்துக் காணிக்காரர் நகர்த்திவிட்டாரோ என்று பார்ப்பதற்காக றெனால்ட் ஒரு காவோலைக் குவியலைக் காலால் விலக்கினார். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதனருகில் சுருண்டு கிடந்த பாம்புதான் நகர்ந்தது.

முதலில் அரத்தால் இரும்பை ராவுவது போல ஒரு சத்தம். அடுத்த கணம் கணுக்காலுக்கு மேலே சுரீரென்று ஒரு குத்து. றெனால்ட் "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். வேலிப் படலையடியில் ஓட்டோவில் சாய்ந்து நின்ற அஸாம் ஓடி வந்தான். ஓலைக்குள் நழுவிப்போன வாலைப் பார்த்தான்.

"சுருட்டை விரியன்" என்றான். ஓட்டோவுக்குள் இருந்த ஸ்ரெலாவும் கைப்பையோடு இறங்கி ஓடி வந்தாள்.

ஸ்ரெலா றெனால்டின் மனைவி. இருவரும் டென்மார்க்கில் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. றெனால்டின் தங்கை மகளுக்குக் கலியாணம் என்று வந்திருந்தார்கள். டென்மார்க்கில் ஸ்ரெலா ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, தன் முறை வரும்வரை வாய் திறக்காமல் இருந்து பழகியவள். எந்த வாசலிலும் முறைப்படி உள்ளே போனால் முறைப்படி வெளியே வரலாம் என்பது அவளுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அன்று காலை வரை ஒரு பழுதும் வந்ததில்லை.

அஸாம் எருக்கலம்பிட்டிக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வந்த நாளிலிருந்து இவர்களுக்கு ஓட்டோ ஓடுகிறான். றெனால்டை அப்படியே தூக்கிப் பின் இருக்கையில் வைத்தான்.

"அன்ரி, காலை ஆட்டாமப் பிடிங்க. சால்வையால கட்டாதீங்க, கட்டினாக் கூடாது. மருந்து மன்னார் பெரியாஸ்பத்திரியிலதான். நான் பறக்கிறன்."

பறக்கத்தான் செய்தான். சோளகக் காற்று வீதியில் மணலை அள்ளி எறிந்தது. கடற்கரையோரக் காற்றாலைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னால் போயின. றெனால்டின் கால் ஸ்ரெலாவின் மடியில் கிடந்தது. பற்கள் பதிந்த இரண்டு புள்ளிகளையும் சுற்றித் தோல் மினுங்கிக்கொண்டு வீங்கியது. அது வீங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, நித்திரை கொள்ளாதேங்கோ" என்றாள்.

"நித்திரை எங்க வாறது" என்றார் றெனால்ட். "எரியுது ஸ்ரெலா. நெருப்புக்குள்ள வைச்ச மாதிரி எரியுது."

மன்னார் நகருக்குள் நுழைந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதும் ஓட்டோ நின்றது. வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழை மரம், மேலே வண்ணக் காகிதக் கொடி, காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி. ஒரு புதுக் கட்டடத்தின் முகப்பில் மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் பெயர் இருந்தது: அயல்நாட்டுப் பயணிகள் அவசர மருத்துவ வரவேற்பு நிலையம். அதன் மதிலுக்கு அங்கால்தான் ஆஸ்பத்திரி.

மஞ்சள் ரீசேட் போட்ட தொண்டர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். "வாகனம் விடேலாது. பிரதம விருந்தினர் வாற நேரம்."

"பாம்பு கடிச்ச ஆள் இருக்கிறார்!" என்று கத்தினான் அஸாம்.

"அப்ப பின் வீதியால சுத்திப் போங்கோ."

அஸாம் ஓட்டோவைத் திருப்பத் தொடங்கிவிட்டான். அந்த இடத்தில் ஸ்ரெலா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவள் அந்தப் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டாள். அயல்நாடு, பயணி, அவசரம், மருத்துவம். நாலு சொல்லும் தனக்காகவே எழுதியது போல் இருந்தது. கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போட்டையும் எடுத்து நீட்டினாள்.

"நாங்கள் டென்மார்க்கில இருந்து வந்தனாங்கள்."

தொண்டர் பாஸ்போட்டைப் பார்த்தார். றெனால்டைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே ஓடினார். "சேர்! வெளிநாடு வந்திட்டுது சேர்! பாம்பு கடிச்ச வெளிநாடு!"

உள்ளேயிருந்து வெள்ளைச் சேட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்த ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவர் பெயர் சிவசுப்பிரமணியம். நிலையத்தின் இணைப்பாளர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"கடவுள் செயல்" என்றார். "திறப்பு விழாவுக்கு ஒரு ஜேர்மன்காரரைப் பேசி வைச்சிருந்தனாங்கள், முதலாவது நோயாளியாப் படுக்க. அந்த மனுசன் விடியவே வங்காலைப் பக்கம் பூநாரை பாக்கப் போட்டுது. நான் என்ன செய்யிறதெண்டு தெரியாமத் திண்டாடிக்கொண்டு நிக்கிறன், நீங்கள் உண்மையான வருத்தத்தோடயே வந்திட்டீங்கள்!"

கயிறு அவிழ்ந்தது. அஸாம் ஸ்ரெலாவின் காதருகில், "அன்ரி, மதிலுக்கு அங்கால போயிருவம்" என்றான். ஆனால் அதற்குள் நாலு பேர் றெனால்டை இறக்கிவிட்டார்கள்.

உள்ளே குளிரூட்டி ஓடியது. தரை முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது. லக்சிகா என்ற பெண்பிள்ளை தாம்பாளத்தோடு நின்றாள். றெனால்டுக்குப் பன்னீர் தெளித்தாள், நெற்றியில் சந்தனம் வைத்தாள், கழுத்தில் மாலை போட்டாள். சக்கர நாற்காலி ஒன்று வந்தது. அதன் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. பிரதம விருந்தினர்தான் கழற்றுவாராம். றெனால்டை உறைக்கு மேலேயே இருத்தினார்கள். அவர் வழுகி வழுகிக் கீழே வர, அஸாம் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி விட்டான்.

"டொக்டர் எங்க?" என்றாள் ஸ்ரெலா.

சிவசுப்பிரமணியம் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர் போலப் புன்னகைத்தார். "அம்மா, இதை நாங்கள் கட்டங் கட்டமாத்தான் செய்யிறம். முதலாம் கட்டம் வரவேற்பு. ரெண்டாம் கட்டம் வைத்தியம். ஏனெண்டு கேளுங்கோ. வெளிநாட்டுப் பயணிகளின்ர பெரிய முறைப்பாடு வைத்தியத்தைப் பற்றினதே இல்லை. ஆரும் சிரிச்ச முகத்தோட வரவேற்கேல்லை எண்டதுதான். நாங்கள் ஆய்வு செய்து கண்டுபிடிச்சனாங்கள்."

"ஆரிட்டக் கேட்டு ஆய்வு செய்தனீங்கள்?"

"சுகமாத் திரும்பிப் போன ஆக்களிட்ட."

"மருந்தாவது இருக்கோ? பாம்புக் கடிக்கு ஊசி?"

"மருந்து வைக்க எல்லா வசதியும் இருக்கு" என்று சொல்லி, அவர் மூலையிலிருந்த பெரிய குளிர்சாதனப் பெட்டியைப் பெருமையோடு திறந்து காட்டினார். உள்ளே விருந்தினருக்கான சோடாப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. நடுத்தட்டில் ஒரு கேக். கட்டடத்தின் வடிவத்திலேயே செய்திருந்தார்கள்.

"அப்ப நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றாள்.

"அங்க போகலாம், தாராளமாப் போகலாம். ஆனா நீங்கள் வெளிநாட்டுப் பயணி எண்டு இங்க பதிவாகிட்டுது. இனி எங்கட பாரம். வாக்குமூலம் எடுத்து, வரவேற்பு முடிச்சு, நாங்களே உத்தியோகபூர்வமா ஒப்படைப்பம். பயப்பிடாதேங்கோ, ஒரு குறையும் வராது."

எல்லாம் முறைப்படி நடக்கிறது என்ற தோற்றத்துக்கு ஸ்ரெலாவை அடக்கிவிடும் சக்தி இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிறகு பல நாள் தன்னைத் தானே ஏசினாள்.

"இப்ப என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ" என்றார் சிவசுப்பிரமணியம்.

"பாம்பு கடிச்சது."

"பொறுங்கோ, பொறுங்கோ. பயணியின்ர வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் மூலமாத்தான் எடுக்கலாம்."

"நான் தமிழிலதானே சொல்லுறன்!"

"அதுதானே அம்மா பிரச்சினை. தமிழில இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க எங்களிட்ட ஆள் இல்லை. ஆங்கிலத்துக்கு மில்ரன் இருக்கிறார்."

கறுத்தக் கோட்டுப் போட்ட மில்ரன் முன்னால் வந்து நின்றார். ஸ்ரெலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்நேக்... மை ஹஸ்பண்ட்... ப்ளீஸ்" என்றாள்.

மில்ரன் தொண்டையைச் செருமினார். "இந்த அம்மணியின் கணவரைப் பாம்பொன்று தீண்டியதாக அறியக் கிடக்கிறது."

"அப்பிடியோ!" என்று சிவசுப்பிரமணியம் நெஞ்சில் கை வைத்தார். "அட பாவமே!" பிறகு லக்சிகாவின் பக்கம் திரும்பி, கணினியில் பதியச் சொன்னார். "'கடி' எண்டு போடாத பிள்ளை. சுற்றுலாவுக்குக் கூடாது. 'ஊர்வன ஒன்றுடன் எதிர்பாராத தொடுகை' எண்டு போடு. 'பயணி அதைத் தாங்கிக்கொண்டார்' எண்டும் போடு."

பயணி தாங்கவில்லை. சக்கர நாற்காலியில் நெளிந்து, "அம்மா... அம்மா..." என்று முனகினார்.

சிவசுப்பிரமணியம் குனிந்து தாழ்ந்த குரலில் பணிவாகச் சொன்னார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வெளிநாட்டுக்காரர்தான், ஆனா பாக்க அப்பிடித் தெரியேல்லை. அதிலயும் தமிழில அழுதீங்களெண்டால் சனம் நம்பாது. கொஞ்சம் ஆங்கிலத்தில முனகினீங்களெண்டால் நல்லது."

யாரோ ஓடிப்போய் ஒரு பெரிய விளிம்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுவந்தார்கள். ஜேர்மன்காரருக்கென்று வாங்கி வைத்ததாம். அதை றெனால்டுக்கு மாட்டியபோது அவர் ஸ்ரெலாவை நோக்கித் திரும்பினார். வாயைத் திறந்தார். கீழ்வரிசைப் பற்களின் இடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது.

"ஸ்ரெலா, வாய் உப்புக் கரிக்குது" என்றார்.

அவள் விரலால் துடைத்தாள். இரத்தம். மறுபடி துடைத்தாள். மறுபடி இரத்தம்.

"வெத்திலை போடுறவரோ?" என்று கேட்டார் சிவசுப்பிரமணியம்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே மேளம் முழங்கியது. பிரதம விருந்தினர் வந்துவிட்டார். அறையிலிருந்த எல்லோரும் ஒரே அலையாக வாசலுக்கு ஓடினார்கள். அந்த அலையிலேயே சக்கர நாற்காலியும் தள்ளப்பட்டுப் பந்தலுக்குள் போய்ச் சேர்ந்தது. றெனால்டை மேடைக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் நிறுத்தினார்கள். முன்னால் பூச்சாடிகளை அடுக்கினார்கள். படம் எடுப்பவர் மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்தார்.

மங்கல விளக்கு ஏற்றினார்கள். சோளகம் அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது. ஐந்து திரிக்கும் ஐந்து பிரமுகர். ஐந்தாமவர் ஏற்ற வரும்போது முதலாமவரின் திரி அணைந்துவிடும். அவர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்று திரும்ப அழைப்பார்கள். கடைசியில் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்ட, ஒருவழியாக விளக்கு எரிந்தது. அதற்குள் றெனால்டின் முழங்கால் வரை வீங்கிவிட்டது. காற்சட்டைக் கால் இறுகி நின்றது.

மதிலுக்கு அங்கால் ஆஸ்பத்திரி முற்றம் தெரிந்தது. ஒரு கிழவர் கையில் கட்டோடு வெளியே வந்தார். ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. ஸ்ரெலா வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொருத்தியின் வரிசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

பிரதம விருந்தினர் பருத்த மனிதர். கழுத்தில் ஏழெட்டு மாலை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அன்பானவர்களே! அவசரம் என்றால் என்ன? அவசரத்தில் இருப்பவன் நோயாளி. அதிகாரிகளாகிய நாங்கள் அவசரப்படக் கூடாது. நிதானம் வேண்டும். இந்த அவசர நிலையத்தை அவசரத் தேவையெனக் கருதி, வெறும் பதினொரு வருடத்தில் கட்டி முடித்திருக்கிறோம்!"

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது இது எதற்கு என்று. நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனிக்கிறார்கள். ஆனால் விருந்தினரை யார் கவனிப்பது? இதோ பாருங்கள், எங்கோ ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தச் சகோதரர். எவ்வளவு அமைதியாக இருக்கிறார்! ஒரு முறைப்பாடு உண்டா?"

றெனால்டின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தொப்பி கண்ணை மறைத்தது. ஸ்ரெலா அவர் முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் அரைவாசி மூடியிருந்தன. மாலையின் வெள்ளைப் பூக்களில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது.

"இஞ்சாருங்கோ!" என்று உலுக்கினாள்.

"ம்" என்றார். அந்த ஓர் எழுத்துக்கு மேல் வரவில்லை.

பயம் தலைக்கு ஏறியது. மாதாவே, மடு மாதாவே, இந்த மனுசன் இந்தச் சனத்துக்கு நடுவில், கைதட்டலுக்கு நடுவில் செத்துப்போகப் போகிறார். ஒருவரும் கவனிக்கப் போவதில்லை. படம் எடுப்பவர்கூட அதையும் எடுத்துவிட்டுத்தான் கவனிப்பார்.

எழுந்து சிவசுப்பிரமணியத்தின் கையைப் பிடித்தாள். "ஐயா, இவர் போகப்போறார். விடுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

"இன்னும் நாலு பேச்சும் நன்றியுரையும்தான் அம்மா. பிறகு ஒப்படைப்பு" என்று அவர் கிசுகிசுத்தார். "நடுவில எழும்பினா விருந்தினருக்கு அவமரியாதை."

அந்த நேரத்தில்தான் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்தார். "அடுத்ததாக, உரிய நேரத்தில் அவசர சிகிச்சை கிடைக்காமல் உயிர் நீத்த அனைவருக்காகவும் இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து, கண்களை மூடி, அசையாமல் நிற்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். மேளகாரர் மேளத்தில் கையை வைத்து அடக்கினார். பந்தலில் காற்றின் சத்தம் மட்டும்.

ஸ்ரெலா அஸாமைப் பார்த்தாள். அஸாம் ஸ்ரெலாவைப் பார்த்தான். அவள் நாற்காலியின் பிடியைப் பற்றித் திருப்பினாள்.

புதுச் சில்லு கீச்சிட்டது. பொலித்தீன் சரசரத்தது. அத்தனை பேர் மௌனத்துக்கு நடுவில் அந்தச் சத்தம் மன்னார்ப் பாலம் வரை கேட்கும் போலிருந்தது. சிவசுப்பிரமணியத்தின் ஒரு கண் திறந்தது. அந்தக் கண்ணில் எவ்வளவோ கட்டளை இருந்தது, கெஞ்சல் இருந்தது. ஆனால் வாய் திறக்க முடியவில்லை, கை அசைக்க முடியவில்லை. செத்தவர்களுக்கான மரியாதை அவரைப் பிடித்து வைத்திருந்தது. பூச்சாடி ஒன்று வழியை மறித்தது. அதன் அருகில் தலை குனிந்து நின்ற லக்சிகா, மூடிய கண்ணைத் திறக்காமலே, காலால் அதை மெல்ல ஒரு பக்கம் தள்ளிவிட்டாள்.

வாழை மரத்தைத் தாண்டியதும் ஓடினார்கள். தொப்பி பறந்தது. அஸாம் முன்னால் ஓடி வீதியில் வந்த சைக்கிள்களை மறித்தான். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "எந்த ஊர்?" என்றார். அவள் பாஸ்போட் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"பேசாலை" என்றாள். "பேசாலைதான். பிறந்தது, வளந்தது, பாம்பு கடிச்சது எல்லாம் பேசாலை!"

"நேர உள்ள போங்கோ. இடப் பக்கம்."

அங்கே டொக்டர் அனோஜன் என்ற ஒல்லியான இளம் வைத்தியர் இருந்தார். காலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே தாதி மிஸ் ஒருத்தி கையில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்துவிட்டாள். சிறிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசையில் வைத்தார்கள்.

"எத்தினை மணிக்குக் கடிச்சது?"

"விடிய."

"விடியவோ? பேசாலையில இருந்து வர இவ்வளவு நேரமோ?" அவருடைய கண் மாலையிலும் சந்தனத்திலும் நின்றது. "ஏதும் கலியாண வீட்டில நிண்டனீங்களோ?"

"இல்லை டொக்டர்" என்றாள் ஸ்ரெலா. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "திறப்பு விழாவில."

கொஞ்ச நேரம் கழித்து டொக்டர் குழாயைச் சரித்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர் போல ஓடியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். மருந்துக் குப்பிகளைத் திறந்தார்கள். சேலைன் போத்தலில் கலந்து ஏற்றத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் றெனால்டின் உடம்பு கட்டிலோடு சேர்ந்து உதறியது. பல் கிட்டியது. ஸ்ரெலா கத்திவிட்டாள்.

"மருந்து ஒத்துக்கொள்ளாமல் இப்பிடி நடக்கிறதுதான். அதுக்கும் ஊசி இருக்கு. நீங்கள் வெளியில இருங்கோ அம்மா" என்று மிஸ் அவளைத் தோளில் பிடித்து வெளியே விட்டுத் திரையை இழுத்தாள்.

ஸ்ரெலா மர வாங்கில் அமர்ந்தாள். அஸாம் ஒரு தேத்தண்ணி வாங்கி வந்து கையில் வைத்தான். அது ஆறிப் போயிற்று. திரைக்குப் பின்னால் கட்டிலின் இரும்பு கடகடத்தது. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று நினைத்து, நிற்கக் கூடாது என்று மன்றாடினாள்.

ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அங்கால், ஒலிபெருக்கியில் பிரதம விருந்தினர் பேச்சைத் தொடர்ந்தார்.

"நான் கண்ணை மூடும்போது இங்கே ஒரு நோயாளி இருந்தார். கண்ணைத் திறக்கும்போது அவர் இல்லை! குணமாகிப் போய்விட்டார்! ஒரு வைத்தியர் தொடவில்லை, ஒரு மருந்து கொடுக்கவில்லை. வரவேற்பாலேயே குணமாக்கிய நிலையம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?"

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

"விசர் கூட்டம்" என்றான் அஸாம். ஸ்ரெலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வர உடம்பில் இடம் இருக்கவில்லை.

பிரதம விருந்தினர் இன்னும் பேசினார். சுகாதாரம் பற்றி, சுற்றுலா பற்றி, மீன்பிடித் துறைமுகம் பற்றி. வெயில் ஏறியது. திடீரென்று ஒரு சொல்லின் நடுவில் குரல் நின்றது. ஒலிவாங்கி விழுந்து வீரிட்டது. பிறகு கூச்சல்.

அதிக நேரம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூட்டம் முட்டி மோதி உள்ளே வந்தது. ஆறு பேர் பிரதம விருந்தினரை மாலைகளோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சிவசுப்பிரமணியம். கழுத்துப் பட்டி முதுகுக்குப் போயிருந்தது. சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"டொக்டர்! டொக்டர் எங்க? அவசரம்!"

தூக்கி வந்தவர்களில் ஒருவர் மூச்சிரைத்துக்கொண்டு, "சேர், எங்கட நிலையத்திலயே புதுக் கட்டில் இருக்குத்தானே?" என்றார்.

"உனக்கென்ன விசரே?" என்று சீறினார் சிவசுப்பிரமணியம். "அங்க கொண்டுபோனால் மனுசன் செத்துப்போவான்!"

சொல்லி முடித்துத் திரும்பியவர் ஸ்ரெலாவைக் கண்டார். வாய் திறந்தபடி நின்றது. அந்த முகத்தில் இப்போது இணைப்பாளர் இல்லை. காலையிலிருந்து தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஸ்ரெலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா" என்றார். "இங்க முதல்ல எங்க போகோணும்?"

ஸ்ரெலாவுக்கு ஏச வேண்டும் போல் இருந்தது. மாலை போட்டு, பன்னீர் தெளித்து, மொழிபெயர்த்து வா என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் தூக்கி வரப்பட்ட மனிதரின் கை மாலைக்குள்ளிருந்து தொங்கி ஆடியது. அது எல்லாருடைய கையைப் போலவும்தான் இருந்தது.

"ஒரு இடமும் போக வேண்டாம்" என்றாள். "இடப் பக்கம் கொண்டுபோய்க் கிடத்துங்கோ. அவை பாப்பினம்."

பார்த்தார்கள். வெயிலும் வெறும் வயிறும் மாலைப் பாரமும்தான், சேலைன் ஏற்றினால் சரி என்றார் டொக்டர் அனோஜன். அதைக் கேட்டபின்தான் சிவசுப்பிரமணியம் கழுத்துப் பட்டியை இழுத்து முன்னால் விட்டார். வாங்கில், ஸ்ரெலாவுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தார். பிறகு கேட்டார்.

"உங்கட அவருக்கு எப்பிடி?"

அன்று அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் தெரியாது" என்றாள்.

பொழுது சாயும் நேரம் திரை விலகியது. டொக்டர் அனோஜன் கண்ணாடிக் குழாயோடு வெளியே வந்தார். அதைத் தலைகீழாகச் சரித்துக் காட்டினார். இரத்தம் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. விழவில்லை.

"உறையுது" என்றார். "தப்பிட்டார். இன்னும் ரெண்டு மூண்டு நாள் வைச்சுப் பாக்கோணும். கால் வீக்கம் மெல்ல மெல்லத்தான் வத்தும். இனிப் பயமில்லை."

அஸாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் தடவினான். ஸ்ரெலா சிலுவை போட்டுக்கொண்டாள். சிவசுப்பிரமணியம் எழுந்து நின்று, பழக்கதோஷத்தில், கைதட்டினார். மிஸ் "ஸ்ஸ்!" என்று அதட்டியதும் கையை மடக்கிக்கொண்டார்.

பிறகு ஸ்ரெலாவின் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அம்மா, மேலிடத்துக்கு நாளைக்கு அறிக்கை அனுப்போணும். இவர் தப்பினதை எங்கட நிலையத்தின்ர பேரில போடலாமோ?"

ஸ்ரெலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடுங்கோ" என்றாள். "அதுக்கு முதல் அங்க ஒரு டொக்டரைப் போடுங்கோ."

உள்ளே போனாள். றெனால்ட் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்து போயிற்று. கட்டிலின் கால்மாட்டில் இருந்து, வீங்கிய அந்தக் காலில் படாமல், போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். விடியும் வரை அதை விடவில்லை.